நாற்பது கிலோ சர்வோவும் நாலணா கொக்கியும்

முதல்லயே சொல்லிடறேன். இது சண்டைப் பதிவு. ரேடியோ கன்ட்ரோல் விமானம் விடற நம்மாளுங்க மேல எனக்கு இருக்கற கோபத்தை மொத்தமா கொட்டப்போறேன். இந்த விளையாட்டு பக்கமே வராதவங்களும் படிக்கலாம். லீவர், கம்பி, நட்டு, போல்ட்டு இவ்வளவுதான் விஷயம். எட்டாங்கிளாஸ் அறிவியலுக்கு மேல ஒண்ணும் கிடையாது. அதுதான் கோபமே!

நான் பேசறது சின்ன தெர்மோகோல் விமானத்தைப் பத்தி இல்ல. பெரிய விமானம். எது பெரிசுன்னு கேட்டா, அமெரிக்காவில் இருக்கற சர்வதேச மினியேச்சர் ஏர்கிராஃப்ட் சங்கம் ஒரு கணக்கு வச்சிருக்கு. ஒத்தை இறக்கைன்னா குறைஞ்சது 80 அங்குலம், ரெட்டை இறக்கைன்னா 60 அங்குலம். 80 அங்குலம்னா 6 அடி 8 அங்குலம். உங்க வீட்டு வாசக்கதவைக் கழட்டி படுக்கப் போட்டா அந்த நீளம். பெட்ரோல் எஞ்சின், எடை 7 கிலோவிலிருந்து 12, 13 கிலோ வரைக்கும் போகும். விளையாட்டுச் சாமான்னு சொல்றோமே தவிர, தலையில விழுந்தா விளையாட்டு இல்ல.

ஒரு கணக்கு போடுவோம். 10 கிலோ விமானம், மணிக்கு 108 கி.மீ. வேகம். அதாவது விநாடிக்கு 30 மீட்டர். அதுல இருக்கற இயக்க ஆற்றல் 4500 ஜூல். 2003 உலகக்கோப்பையில சோயப் அக்தர் 161.3 கி.மீ. வேகத்துல ஒரு பந்து போட்டாரே, அந்தப் பந்துல இருந்தது சுமார் 160 ஜூல். அப்ப 28 சோயப் அக்தர் ஒரே நேரத்துல ஒரே ஆள் மேல பந்து போட்டா எப்படி இருக்கும்? ஹெல்மெட் இல்லாம, பேட் இல்லாம, வேடிக்கை பார்க்க வந்த சின்னப்பையன் மேல? அந்த 28 பந்தையும் பிடிச்சு நிறுத்தி வச்சிருக்கறது ஒரு சின்னக் கொக்கி. கிளிவிஸ்னு பேரு. சட்டைப் பொத்தான் அளவு இருக்கும்.

சரி, லிங்கேஜ்னா என்ன? பழைய ஹெர்குலிஸ், ராலே சைக்கிள் பார்த்திருப்பீங்க. பிரேக் பிடிச்சா கேபிள் இழுக்காது, கம்பி இழுக்கும். கைப்பிடியிலிருந்து ஒரு கம்பி, ஒரு மூட்டு, இன்னொரு கம்பி, கடைசியில ரப்பர் கட்டை. அந்த மூட்டெல்லாம் தேய்ஞ்ச தாத்தா காலத்து சைக்கிளை ஓட்டினவங்களுக்குத் தெரியும். பிரேக்கைப் பாதி அமுக்கற வரைக்கும் ஒண்ணுமே நடக்காது. கம்பியும் மூட்டும் ஆட்டத்தைத் தின்னுட்டு இருக்கும். அப்புறம் திடீர்னு பிடிக்கும். அதே சமாச்சாரம்தான் இங்கயும். சர்வோன்னு ஒரு மோட்டார் டப்பா. அதுல ஒரு கை. கையிலிருந்து ஒரு கம்பி. கம்பியோட அடுத்த முனை இறக்கையிலயோ வாலிலயோ இருக்கற அசையற பலகைக்குப் போகும். பலகையில நட்டு வச்சிருக்கற சின்ன முளைக்கு ஹார்ன்னு பேரு. (பஸ் ஹார்ன் இல்லீங்கோ.) விமானத்தைத் திருப்பறது, ஏத்தறது, இறக்கறது எல்லாம் இந்தக் கம்பி வழியாத்தான்.

இப்ப கோபத்துக்கு வருவோம்.

நம்மாளு எஞ்சினுக்குக் காசு கொட்டுவார். பெயிண்டுக்குக் கொட்டுவார். பைலட் பொம்மைக்குக் கூலிங்கிளாஸ் வாங்கிப் போடுவார். சர்வோ வாங்கும்போது "எத்தனை கிலோ?"ன்னு கேட்பார், ஏதோ வாழைத்தார் வாங்கற மாதிரி. 40 கிலோ சர்வோன்னா மார்பை நிமித்துவார். கடைசியில லிங்கேஜுக்கு? பொட்டியோட வந்த பிளாஸ்டிக் கொக்கி போதும். "அதான் வருதே, எதுக்கு வேற?"

ஐயா, அந்த 40 கிலோ என்னன்னு தெரியுமா உங்களுக்கு? சர்வோ தண்டிலிருந்து 1 செ.மீ. தள்ளி இருந்தா 40 கிலோ. 4 செ.மீ. நீளக் கை போட்டா கம்பியில கிடைக்கறது வெறும் 10 கிலோ. நீளக் கைதான் பார்க்க கம்பீரமா இருக்குன்னு நம்மாளு அதையே போடறார். ஹார்னை மட்டும் குட்டையா 2 செ.மீ.ல வைக்கறார், உயரமா இருந்தா அசிங்கமா தெரியுதாம். 10 கிலோ பெருக்கல் 2 செ.மீ. பலகைக்குப் போய்ச் சேர்ந்தது 20. பாதிக் காசு காத்துல போச்சு.

கதை இன்னும் முடியல. நீளக் கை, குட்டை ஹார்ன்னா பலகை வெறிபிடிச்ச மாதிரி மேலயும் கீழயும் அடிக்கும். நம்மாளு என்ன செய்யணும்? ஸ்க்ரூ டிரைவரை எடுத்து கையில உள்பக்கத்து ஓட்டைக்கு கம்பியை மாத்தணும். செய்ய மாட்டார். டிரான்ஸ்மிட்டர் மெனுவுக்குள்ள போய் டிராவலைக் குறைப்பார். 30 சதவீதம்னு வச்சிட்டு "பக்காவா செட் பண்ணிட்டேன்"னு சொல்வார். பலகைக்கு 26 டிகிரி போதும்னு வச்சுக்கோங்க, இந்த அமைப்புல சர்வோ திரும்பறது 13 டிகிரிகூட இல்ல. 60 டிகிரி திரும்பக்கூடிய டப்பாவை வாங்கி 13 டிகிரி வேலை வாங்கறது, நாலு மாடி வீடு கட்டி மாடிப்படிக்கு அடியில குடியிருக்கற மாதிரி.

இப்ப மாத்திப் பாருங்க. பாதி சக்தி உள்ள 20 கிலோ சர்வோ. 2 செ.மீ. கை. 4 செ.மீ. ஹார்ன். கம்பியில 10 கிலோ. பலகையில 40! அதே 26 டிகிரிக்கு சர்வோ முழுசா 60 டிகிரி திரும்புது. சர்வோ பல்சக்கரத்துல அரை டிகிரி ஆட்டம் இருக்குன்னு வச்சா, முதல் அமைப்புல அது பலகையில 1 டிகிரி ஆட்டமா வெளிய வரும். ரெண்டாவதுல கால் டிகிரி. சின்ன சர்வோ, ரெண்டு மடங்கு பலம், நாலுல ஒரு பங்கு ஆட்டம். ஒரு பைசா கூட செலவு இல்ல, கம்பியை எந்த ஓட்டையில மாட்டறோம்கறதுதான் வித்தியாசம். இதை எந்த மெனுவும் செஞ்சு தராது.

"எனக்கு 45 டிகிரி வேணும், நான் அந்தரத்துல நிறுத்திக் காட்டறவன்"னு ஒருத்தர் கிளம்புவார். நியாயம். அந்த மாதிரி பறக்கறவங்களுக்கு கையும் ஹார்னும் கிட்டத்தட்ட சமமா வச்சே ஆகணும், அப்ப லீவர் லாபம் கிடைக்காது, பெரிய சர்வோதான் வழி. ஆனா மைதானத்துல பார்க்கற பத்து பெரிய விமானத்துல எத்தனை அந்தரத்துல நிக்குது? பாதிப் பேர் வட்டம் போட்டு இறக்கறவங்க. அவங்களுக்கு எதுக்கு 45 டிகிரி?

அடுத்து கம்பி. இது ரொம்ப முக்கியம், ஏன்னா இது கண்ணுக்குத் தெரியாம ஏமாத்தும்.

கம்பி இழுக்கும்போது பயில்வான். தள்ளும்போது நோஞ்சான். ஒல்லியான கம்பியைத் தள்ளினா நடுவுல வளையும். எவ்வளவு தள்ளினா வளையும்னு 18ஆம் நூற்றாண்டுலயே ஆய்லர் சூத்திரம் எழுதி வச்சுட்டுப் போயிட்டார். நீளம் ரெண்டு மடங்கானா தாங்கற பலம் நாலுல ஒண்ணா குறையும். தடிமன் ரெண்டு மடங்கானா பலம் 16 மடங்கு ஏறும். போட்டுப் பார்த்தேன். 2 மி.மீ. எஃகுக் கம்பி, 30 செ.மீ. நீளம், நடுவுல எந்தத் தாங்கலும் இல்ல. 1.75 கிலோவுல வளைய ஆரம்பிக்குது. மேல சொன்ன ரெண்டு அமைப்புலயும் சர்வோ தள்ளறது 10 கிலோ! அதே கம்பி 15 செ.மீ.ன்னா 7 கிலோ தாங்கும். 30 செ.மீ.லயே 3 மி.மீ. கம்பி போட்டா கிட்டத்தட்ட 9 கிலோ. நீளமா போகணும்னா கார்பன் குழாய் போடுங்க. இல்லையா, சர்வோவைப் பலகைக்குப் பக்கத்துல கொண்டுபோய் வைங்க. பெரிய விமானங்கள்ல எலிவேட்டர் சர்வோவை வால்லயே வைக்கறது அதுக்குத்தான், அழகுக்கு இல்ல.

ஏமாத்தும்னு சொன்னேனே, அது எப்படின்னா, தரையில நின்னுக்கிட்டு குச்சியை ஆட்டினா பலகை ராஜா மாதிரி அசையும். காத்து அழுத்தம் இல்லையே! எல்லாம் சரியா இருக்குன்னு தோணும். மேல போய் வேகமா கீழ பாய்ஞ்சு, எலிவேட்டரை இழுக்கும்போது சர்வோ முழுசா திரும்பியிருக்கும், கம்பி வில்லு மாதிரி வளைஞ்சிருக்கும், பலகை மட்டும் நகர்ந்திருக்காது. கீழ நிக்கற ஆள் என்ன நினைப்பார்? "குச்சியை இழுத்தேன், கேட்கலை. சிக்னல் போச்சு!"

இந்த "சிக்னல் போச்சு" இருக்கே... ஒரு காலத்துல அது உண்மையான காரணம். 72 மெகாஹெர்ட்ஸ் காலத்துல பக்கத்துல இன்னொருத்தர் அதே சேனல்ல ஸ்விட்ச் போட்டா உங்க விமானம் அவர் சொன்னதைக் கேட்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டுகள் வந்தப்புறம் அந்தத் தொல்லை ஒழிஞ்சுது. இன்னிக்கும் ரேடியோ போகும், பேட்டரி வோல்ட்டேஜ் விழுந்தா ரிசீவர் மயங்கும், இல்லேன்னு சொல்லல. ஆனா விழுந்த விமானத்தைப் பார்க்கப் போகும்போதே தீர்ப்பு எழுதிட்டுப் போறதுதான் எரிச்சல். எங்க மைதானத்துல ஒரு பெரிய விமானம் விழுந்தப்ப கூடி நின்னவங்க எல்லாரும் சிக்னல்னு சொல்லிட்டாங்க. துண்டைப் பொறுக்கும்போது பார்த்தா எலிவேட்டர் பால் லிங்கைப் பிடிச்சிருந்த போல்ட்டு கழுத்துல முறிஞ்சு கிடந்தது. முறிஞ்ச இடத்துல பாதி துருப்பிடிச்சிருந்தது. அதாவது விரிசல் அன்னிக்கு வரலை, பல நாளாவே இருந்திருக்கு. காட்டினேன். "விழுந்ததுல உடைஞ்சிருக்கும்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. விழுந்தா துருப்பிடிக்குமா சாமி?

இதுக்கும் மேல ஒரு எமன் இருக்கான். அவன் பேரு ஃபிளட்டர். தமிழ்ல படபடப்புன்னு வச்சுப்போம். பலகையில ஆட்டம் இருந்தா, இல்ல கம்பி கெட்டியா இல்லாம இருந்தா, ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல காத்தே பலகையை அடிக்க ஆரம்பிக்கும். ஒவ்வொரு அடிக்கும் காத்திலிருந்து சக்தி எடுத்துக்கும். பறக்கறவருக்கு ஒரு "பிர்ர்ர்ர்"னு சத்தம் கேட்கும். யோசிச்சு முடிக்கறதுக்குள்ள பலகை தனியா பறந்துட்டு இருக்கும்.

இது மாடல் விமானக்காரங்க கண்டுபிடிச்ச கதை இல்ல. 1916லயே பிரிட்டன்ல ஹேண்ட்லி பேஜ் குண்டுவீச்சு விமானத்தோட வால் இப்படித்தான் உதற ஆரம்பிச்சுது. லாஞ்செஸ்டர் வந்து பார்த்தார். ரெண்டு பக்க எலிவேட்டரும் தனித்தனி கேபிள் வழியா குச்சிக்குப் போயிட்டு இருந்தது. ஒண்ணு மேல போனா ஒண்ணு கீழ போகும்படி உதறல். அவர் சொன்ன வைத்தியம்: ரெண்டையும் கெட்டியான குழாயால ஒண்ணா கட்டுங்க. அதாவது லிங்கேஜைக் கெட்டியாக்கு! நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னிக்கு நம்ம பெரிய மாடல்கள்ல பெரும்பாலும் ரெண்டு எலிவேட்டருக்கும் ரெண்டு தனி சர்வோ. நடுவுல குழாய் கிடையாது. அப்ப ஒவ்வொரு பக்கமும் தன் சொந்தக் கம்பியோட கெட்டித்தனத்தை நம்பித்தான் நிக்குது. அங்க போய் பிளாஸ்டிக் கொக்கியா?

1916 பழைய கதைன்னா 2011க்கு வாங்க. செப்டம்பர் 16, அமெரிக்காவுல ரெனோ விமானப் பந்தயம். காலப்பிங் கோஸ்ட்னு பேர் வச்ச பி-51 மஸ்டாங். முழு அளவு விமானம். பந்தய வேகத்துல எலிவேட்டர்ல இருக்கற சின்ன ட்ரிம் பலகை படபடக்க ஆரம்பிச்சு, அதோட லிங்க் உடைஞ்சு, விமானம் பார்வையாளர் பக்கத்துல வந்து விழுந்தது. பைலட்டோட சேர்த்து 11 பேர் செத்தாங்க. அமெரிக்க விசாரணை வாரியம் தேடிப்பிடிச்ச காரணத்துல என்ன இருந்தது தெரியுமா? நட்டு! தானா பூட்டிக்கற நட்டுக்குள்ள ஒரு வளையம் இருக்கும். அது தேய்ஞ்சு போயிருந்தது. அதனால திருகு தளர்ந்து, ஒரு திருகுல விரிசல் விட்டு, பலகையோட கெட்டித்தனம் குறைஞ்சு, படபடப்பு. கோடிக்கணக்குல செலவு பண்ணின விமானம், தேய்ஞ்ச நட்டு. இதே நைலான் நட்டைத்தான் நாம கழட்டிக் கழட்டி பத்து தடவை மாட்டறோம். கையாலயே சுத்தினா உள்ள போயிடுதுன்னா அந்த நட்டு செத்துப்போச்சுன்னு அர்த்தம். தூக்கிப் போடுங்க. புதுசு டீ விலைக்கும் கம்மி.

இப்ப கொக்கி, நட்டு பட்டியல். சுருக்கமா.

கம்பியை ஓட்டையில விட்டு பக்கவாட்டுல ஒரு குட்டித் திருகால இறுக்கற கனெக்டர் வரும் பாருங்க. அதை பெரிய விமானத்துல பறக்கறதுக்கு சம்பந்தப்பட்ட எந்த இடத்துலயும் போடாதீங்க. எஞ்சின் அதிர்வுல அந்தத் திருகு தளர்றது எப்பங்கறதுதான் கேள்வி, தளருமாங்கறது கேள்வியே இல்ல.

மேல சொன்ன அமெரிக்க சங்கத்தோட பாதுகாப்பு விதியில 4-40 மரை உள்ள கனமான கம்பியைத்தான் கேட்கறாங்க. மெல்லிசான 2-56 கம்பியை த்ராட்டில் மாதிரி சில்லறை வேலைக்கு விட்டுடறாங்க. 4-40ன்னா மரை விட்டம் 2.84 மி.மீ., 2-56ன்னா 2.18 மி.மீ. பார்க்க மயிரிழை வித்தியாசம். வளையாம நிக்கற கெட்டித்தனத்துல ஏறக்குறைய 3 மடங்கு. கிளிவிஸ் போட்டா பூட்டு நட்டு வேணும், வாய் திறக்காம இருக்க ஒரு வளையமும் வேணும். பெட்ரோல் டியூப்ல ஒரு துண்டு வெட்டி மாட்டினாக்கூடப் போதும். அதைக்கூட மாட்டாதவங்களை என்ன சொல்ல?

பால் லிங்க் போடறவங்க (குடிக்கற பால் இல்ல) வெளிப்பக்கம் ஒரு பெரிய வாஷர் போடுங்க. உருண்டை கழண்டாலும் லிங்க் போல்ட்டை விட்டு வெளிய போகாது. நீளமான போல்ட்டுல ஒத்தைப் பக்கம் தொங்கவிடறதைவிட, ரெண்டு பக்கமும் ஹார்ன் பிடிச்சு நடுவுல லிங்க் இருந்தா எவ்வளவோ மேல். இரும்போட இரும்பு சேர்ற மரையில நீல லாக்டைட் ஒரு சொட்டு. பிளாஸ்டிக் மேல அதை ஊத்தாதீங்க, சிலது விரிசல் விட்டுடும்.

ரட்டருக்கு ரெண்டு பக்கமும் கேபிள் கட்டி இழுக்கற முறை இருக்கு. நல்ல முறைதான், எடை கம்மி. ஆனா சர்வோ கை அகலமும் ஹார்ன் அகலமும் ஒண்ணா இருக்கணும். கேபிள் பிடிக்கற ஓட்டைகள் கீலோட நேர்கோட்டுல இருக்கணும். இல்லேன்னா திரும்பும்போது ஒரு பக்கம் இறுகும், இல்ல ரெண்டு பக்கமும் தொளதொளன்னு ஆகும். அதை மறைக்க வீணைத் தந்தி மாதிரி முறுக்கி வைக்கறாங்க. பாவம் சர்வோவோட பேரிங். விமானம் நின்னுட்டிருக்கும்போதும் ராத்திரி பகலா அது பாரம் சுமக்குது.

எதிர்வாதம் வரும்னு தெரியும். நானே சொல்லிடறேன்.

"இத்தனை வருஷம் இப்படித்தான் விடறேன், ஒண்ணும் ஆகலையே?" ஹெல்மெட் போடாதவரும் இதைத்தான் சொல்றார். தேய்மானம் நாள் கணக்கு பார்த்துத்தான் வரும். ஒண்ணும் ஆகாத ஒவ்வொரு வருஷமும் அந்தக் கொக்கிக்கு ஒரு வயசு கூடுது.

"ஜைரோ போட்டிருக்கேன், அது சமாளிச்சுடும்." சமாளிக்காது, கெடுக்கும். ஜைரோ திருத்தம் சொல்லும், லிங்கேஜ் ஆட்டத்துல அது தாமதமா போய்ச் சேரும், ஜைரோ இன்னும் கூட சொல்லும், அப்புறம் அளவுக்கு மிஞ்சிப் போகும், திருப்பி இழுக்கும். வால் நாய் வால் மாதிரி ஆடும். ஆட்டம் உள்ள இடத்துல எலக்ட்ரானிக்ஸ் போடறது, மரை கழண்டவனுக்கு மைக் குடுக்கற மாதிரி.

"நல்ல ஹார்ட்வேர் விலை அதிகம்." இந்த வாதத்துக்கு மட்டும் கொஞ்சம் மரியாதை உண்டு. நம்ம ஊர்ல நல்ல சாமான் கிடைக்கறது கஷ்டம், தபால்ல வரவழைக்கணும், விலையும் ஏறும். ஆனா மேல போட்ட கணக்கைத் திரும்பப் படிங்க. லீவரை ஒழுங்கா வச்சா பாதி சக்தி சர்வோ போதும். ஒரு சர்வோவுல மிச்சம் பிடிக்கற காசுல மொத்த விமானத்துக்கும் எஃகுக் கொக்கி வாங்கலாம். காசு இல்லாம இல்ல. போட்டோவுல தெரியற இடத்துக்கு மட்டும் காசு வருது.

கடைசியா என் கோரிக்கை. மைதானத்துல ஒரு வழக்கம் வேணும். பெரிய விமானம் எதுவா இருந்தாலும், எஞ்சின் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, ரேடியோவை ஆன்ல வச்சிட்டு, வேற ஒருத்தர் ஒவ்வொரு பலகையையும் விரலால பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டிப் பார்க்கணும். சொந்தக்காரர் இல்ல, வேற ஒருத்தர். கடகடன்னா பறக்கக் கூடாது. அப்புறம் பலகையைக் கையால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு குச்சியை ஆட்டச் சொல்லி, கம்பி வளையுதான்னு பார்க்கணும். சர்வோ முனகற வரைக்கும் ரொம்ப நேரம் பிடிக்க வேணாம், ஒரு நொடி போதும். எல்லாம் சேர்த்து மூணு நிமிஷ வேலை. பெரியவர் விமானம், தலைவர் விமானம்னு விலக்கு கிடையாது. அவங்க விமானம்தான் பெரும்பாலும் வயசானது.

"நண்பன் மனசு கஷ்டப்படும்"னு யாரும் வாயைத் திறக்கறதில்ல. வேலிக்கு வெளிய உக்காந்திருக்கற குழந்தைங்க மனசைப் பத்தியும் கொஞ்சம் யோசிங்க மக்கா. அவங்களுக்கு கிளிவிஸ்னா என்னன்னு தெரியாது. மேல பறக்கறதை வாயைப் பிளந்து பார்த்துக்கிட்டு இருக்காங்க, அவ்வளவுதான்.

டிஸ்கி: இதுல யாருக்கும் உள்குத்து இல்ல. எல்லாமே வெளிக்குத்துதான் :-)